பல்லும் சர்க்கரையும்



சுண்ணாம்புக்குளம், பழவேற்காடு ஏரிக்கரை ஊர்களில் இராத்திரி வலைக்குப் போகிறவர்கள் பலருக்கு வெற்றிலை, புகையிலைப் பழக்கம் உண்டு. ஈறு வீங்கினால், பல் ஆடினால், "எல்லாம் பொயிலை பண்ற வேலை" என்று விட்டுவிடுகிறோம். புகையிலை கெடுதல்தான். ஆனால் சர்க்கரை நோயும் சேர்ந்திருக்கலாம்.

எப்படி?

இரத்தத்தில் சர்க்கரை கூடினால் எச்சிலிலும் கூடும், வாய் உலரும், கிருமி பெருகும். அதை எதிர்க்கும் சக்தியோ உடம்பில் குறைந்துவிடும். ஈறில் சீழ் பிடித்து, பல்லைத் தாங்கும் எலும்பு கரையும். ஈறுப்புண் ஆறாதவரை சர்க்கரையும் சுலபத்தில் அடங்காது. ஈறுக்கு வைத்தியம் பார்த்தால் சர்க்கரையும் கொஞ்சம் இறங்கும்.

செய்ய வேண்டியவை

1. முப்பது வயது தாண்டிய இருவரும் ஆரம்ப சுகாதார நிலையத்தில் இரத்தப் பரிசோதனை செய்துகொள்ளுங்கள். வெறும் வயிற்றில் 126 மில்லிகிராமோ மேலோ இருந்தால், டாக்டர் மறுபடி பார்த்து உறுதி செய்வார். 2021-ல் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் மாத்திரை வீட்டுக்கே வரும்.

2. காலையிலும், படுக்கப் போகுமுன்னும் பல் துலக்குங்கள். செங்கல்பொடி, சாம்பல் வேண்டாம்.

3. பல் பிடுங்குமுன் சர்க்கரை இருப்பதைச் சொல்லுங்கள்.

4. கர்ப்பிணிக்கு ஈறில் இரத்தம் வந்தால், "பிள்ளை பெத்தா சரியாயிடும்" என்று இருக்காதீர்கள். நர்ஸ் அம்மாவிடம் காட்டுங்கள். கர்ப்ப காலச் சர்க்கரைப் பரிசோதனையையும் தவறவிடாதீர்கள்.

கணவன் வாயை மனைவி பாருங்கள். மனைவி வாயைக் கணவன் பாருங்கள். வெட்கம் வேண்டாம்.

ஈறைக் காப்போம்! சர்க்கரையை அடக்குவோம்!