நூலக முத்திரை உள்ள 1778-ஆம் ஆண்டுப் பத்திரிகையை வாங்கலாமா?

கேள்வி: நியூ ஜெர்சியில் வசிக்கிறேன். அமெரிக்க விடுதலைப் போர்க் காலத்துச் செய்தித்தாள்களைச் சேகரித்து வருகிறேன். 1778-ஆம் ஆண்டு ‘பென்சில்வேனியா பாக்கெட்’ அசல் இதழ் ஒன்று விலைக்கு வந்திருக்கிறது. மூலையில் ஒரு நூலகத்தின் முத்திரை. “நூலகமே எப்போதோ கழித்துவிட்டது” என்கிறார் விற்பவர். நம்பி வாங்கலாமா? சென்னையிலுள்ள அப்பாவிடம் கொடுத்து வைக்கவும் ஆசை.
– வாசகர், நியூ ஜெர்சி

பதில்: முத்திரை இருப்பதாலேயே அது திருட்டுப் பொருள் ஆகிவிடாது. மைக்ரோஃபிலிம் எடுத்த பிறகு பழைய தொகுப்புகளை முறைப்படி விற்ற நூலகங்கள் அங்கே பல உண்டு. ஆனால் வாய்வார்த்தையை நம்பிப் பணம் கொடுக்காதீர்கள்.

அமெரிக்கச் சட்டப்படி, திருடியவருக்குப் பொருளில் உரிமை கிடையாது. அதனால் அவரிடம் வாங்கியவருக்கும், அடுத்து வாங்கியவருக்கும் உரிமை வராது. நீங்கள் நாணயமாக முழு விலை கொடுத்தது குற்ற வழக்கில் உதவும். பொருளைத் தக்கவைக்க உதவாது. வரைபட வியாபாரி ஃபோர்ப்ஸ் ஸ்மைலி 2005-இல் யேல் பல்கலைக்கழக நூலகத்தில் பிடிபட்டார். பல நூலகங்களிலிருந்து 97 வரைபடங்களைத் திருடியதாக ஒப்புக்கொண்டார். துறையில் நல்ல பெயர் எடுத்திருந்தவர் அவர். அவரை நம்பி வாங்கியவர்கள் வரைபடங்களைத் திருப்பிக் கொடுக்க நேர்ந்தது.

‘இத்தனை வருஷம் ஆகிவிட்டதே’ என்ற வாதமும் எளிதில் எடுபடாது. நியூ ஜெர்சியில் பொருளை மீட்க வழக்குத் தொடரக் காலவரம்பு ஆறு ஆண்டுகள். ஆனால் ஓவியர் ஜார்ஜியா ஓ’கீஃப் தொடுத்த வழக்கில், 1980-இல் மாநில உச்ச நீதிமன்றம் ஒரு முக்கியமான விதியை வகுத்தது. உரிமையாளர் தக்க முயற்சியோடு தேடி வந்திருந்தால், பொருள் யாரிடம் இருக்கிறது என்று தெரியவந்த பிறகே அந்த ஆறு ஆண்டுகள் தொடங்கும். உங்கள் அலமாரியில் யார் கண்ணிலும் படாமல் இருக்கும் இதழுக்குக் காலவரம்பு தொடங்காமலே இருக்கலாம்.

ஆகவே, முத்திரையைப் படமெடுத்து அந்த நூலகத்துக்கே எழுதிக் கேளுங்கள். தாளில் ‘விலக்கப்பட்டது’ என்று இன்னொரு முத்திரை இருந்தாலும் கேளுங்கள். ரப்பர் ஸ்டாம்ப் செய்வது யாருக்கும் எளிது. நூலகம் எழுத்தில் தரும் பதில்தான் உங்களுக்கு உண்மையான பாதுகாப்பு. மாறாக, திருடப்பட்டது என்று தெரிந்த பின்னும் வாங்கினால் நீங்களே குற்றவாளி ஆவீர்கள்.

ரசீதில் இதழின் பெயர், தேதி, ‘அசல்’ என்ற சொல், முத்திரை பற்றிய குறிப்பு எல்லாம் இருக்கட்டும். விற்கும் உரிமை தமக்கு உண்டு என்ற உத்தரவாதத்தை விற்பவர் தருவதாகவே சட்டம் கொள்கிறது. ஆனால் அதை வைத்து வழக்குப் போட, பொருள் கைக்கு வந்த நாளிலிருந்து பொதுவாக நான்கு ஆண்டுகளே அவகாசம். நூலகம் பத்தாம் ஆண்டில் வந்து கேட்கலாம். அதனால், பிற்காலத்தில் யாரேனும் உரிமை கோரி மீட்டால் இழப்பீடு தருவதாகத் தனியாக எழுதி வாங்குங்கள். இதன் வாசகத்தை உள்ளூர் வழக்கறிஞரிடம் காட்டிவிடுங்கள்.

சென்னைக்கு அசலை அனுப்ப வேண்டாம் என்பேன். வரலாற்று மதிப்புள்ள, 75 ஆண்டு கடந்த ஆவணங்களையும் இந்தியாவின் 1972-ஆம் ஆண்டுத் தொல்பொருள் சட்டம் தன் வரையறைக்குள் வைத்திருக்கிறது. அந்த வரையறைக்குள் வரும் பொருளைத் தனிநபர் வெளிநாட்டுக்கு எடுத்துச் செல்ல முடியாது; அதனால் இதழைப் பிறகு அமெரிக்காவுக்குத் திரும்பக் கொண்டுவர முடியாமல் போகலாம். அமெரிக்காவில் அச்சான தாள்தானே என்று வாதாடலாம். விமான நிலையத்தில் அந்த வாதம் உடனே எடுபடும் என்று சொல்ல முடியாது. 1778-ஆம் ஆண்டு இதழுக்குப் பதிப்புரிமை ஏதும் இல்லை. அப்பாவுக்கு நல்ல பிரதி எடுத்துச் சட்டம் போட்டுக் கொடுக்கத் தடையில்லை.

இழப்பீட்டு உறுதியை எழுதித் தர விற்பவர் மறுத்தால், இந்த இதழை விட்டுவிடுங்கள். போர்க்கால இதழ்கள் தொடர்ந்து ஏலத்துக்கு வருகின்றன; ஒழுங்கான ஆவணங்களோடு வேறொன்று கிடைக்கும்.