வாயில் மறுத்தல்: தமிழ்க் காதற் படங்களில் மணத்திற்கு அப்பாற்பட்ட காதலும் அதன் முடிவும்

மருதத்திணைப் பாடல்களில் பரத்தையிடமிருந்து மீளும் தலைவன் நேரே வீட்டிற்குள் நுழைந்துவிடுவதில்லை. பாணனையோ பிறரையோ வாயிலாக அனுப்புகிறான். தலைவி ஊடுகிறாள், வாயில் மறுக்கிறாள், இறுதியில் வாயில் நேர்கிறாள். இளங்கோவடிகள் காட்டும் கண்ணகியோ ஊடலும் இன்றித் தன் சிலம்பையே எடுத்துக் கொடுக்க முன்வருகிறாள். மாதவி துறவு பூணுகிறாள். கணவன் மீள்வான், மனைவி ஏற்பாள், மற்றவள் விலகுவாள் என்னும் இம்முடிவு நம் திரைக்கதை ஆசிரியர்களுக்கு ஆயத்தமாகக் கிடைத்த ஒன்று எனலாம். அம்முடிவின் விலையை எவர் கொடுக்கிறார் என்பதே ஈண்டு நம் ஆய்வுப்பொருள். இத்தகைய பொருளை மலரில் எழுதலாமா எனப் பெரியோர் சிலர் தயங்கக்கூடும். வள்ளுவர் பிறனில் விழையாமைக்குத் தனி அதிகாரமே வகுத்திருக்கையில் நாம் தயங்கவேண்டியதில்லை.

கே. பாலசந்தரின் 'சிந்து பைரவி' (1985) இம்மரபின் தெளிவான வாரிசு. இசையறிவற்ற மனைவி பைரவி, இசையறிந்த சிந்து, இருவருக்கும் இடையே பாடகர் ஜே.கே.பி. மனைவியே மனமிசைந்து இரண்டாம் மணத்திற்கு ஏற்பாடு செய்தும் சிந்து மறுக்கிறாள். தான் பெற்ற குழந்தையைப் பிள்ளையற்ற பைரவியிடம் கொடுத்துவிட்டுச் செல்கிறாள். மாதவி மணிமேகலையைத் தன்னோடு அறவழியில் அழைத்துச் சென்றாள். சிந்துவிற்கு அதுவும் வாய்க்கவில்லை. பாடகருக்கோ இல்லமும் மனைவியும் குழந்தையும் எஞ்சுகின்றன.

அதே ஆண்டில் வெளிவந்த பாரதிராஜாவின் 'முதல் மரியாதை' வேறொரு வழியைக் கையாள்கிறது. மலைச்சாமி தன் மனைவியோடு ஒருநாளும் இல்வாழ்க்கை நடத்தியதில்லை என்பதைப் பிற்பகுதியில் வெளிப்படுத்தி, அம்மணத்தையே வெறும் பெயரளவினதாக ஆக்கிவிடுகிறார் இயக்குநர். அதன்பின் குயிலின் மீது அவர் கொண்ட அன்பு நமக்குப் பிழையாகத் தோன்றுவதில்லை. எனினும் அவ்வன்பு வாழ இடமில்லை, சாவில்தான் முடிகிறது.

மனைவி வேறொருவரை விரும்பினால்? இங்கேதான் நம் திரைப்படம் மிகவும் அஞ்சுகிறது. ஸ்ரீதரின் 'நெஞ்சில் ஓர் ஆலயம்' (1962), பாக்யராஜின் 'அந்த 7 நாட்கள்' (1981) ஆகிய இரண்டிலும் அவ்விருப்பம் மணத்திற்கு முந்தையது. பழைய நினைவாக மட்டுமே அதற்கு அனுமதி உண்டு. மணத்திற்குப் பின் அரும்புவதற்கு இல்லை. முன்னதில் கணவனைக் காப்பாற்றிய மருத்துவன் இறக்கிறான். பின்னதில் கணவனே மனைவியைக் காதலனிடம் ஒப்படைக்க முன்வந்தும் தாலி குறுக்கே நிற்கிறது. காதலன் தனியே நடந்து செல்கிறான். சட்டமும் இதே நோக்கில்தான் இருந்தது. 1860ஆம் ஆண்டின் இந்தியத் தண்டனைச் சட்டம் 497ஆம் பிரிவு, கணவனின் இசைவின்றி அவன் மனைவியோடு உறவுகொண்ட ஆடவனையே தண்டித்தது. மனைவியைப் பொருளாகக் கருதிய அப்பிரிவை உச்சநீதிமன்றம் 2018 செப்டம்பர் 27 அன்று நீக்கியது. மணவிலக்குக்குரிய காரணமாக அச்செயல் இன்றும் நீடிக்கிறது.

மரபை மீறிய முடிவுகளும் இல்லாமலில்லை. எம்.ஆர். ராதா நடித்த 'இரத்தக்கண்ணீர்' (1954) கணவனைத் தொழுநோயில் தள்ளியது பழைய முறையே. ஆனால் அவனே தன் மனைவியை நண்பனுக்கு மணமுடித்துவைக்க முனைவது அந்நாளில் பெருந்துணிவு. நம் எல்லைக்கு அப்பால் அக்கதை 2003இல் உபேந்திரா நடிக்கக் கன்னடத்திலும் படமாயிற்று. பாலு மகேந்திராவின் 'மறுபடியும்' (1993) இன்னும் ஒருபடி மேலே செல்கிறது. மகேஷ் பட்டின் 'அர்த்' (1982) என்னும் இந்திப் படத்தின் தழுவல் அது. திரும்பி வந்த கணவனைத் துளசி ஏற்கவில்லை. தன்மீது அன்புகொண்ட நண்பனையும் மணக்கவில்லை. வாயில் மறுத்த தலைவி வாயில் நேராமலே நிற்கும் அரிய காட்சி இது.

ஆயினும் அப்படத்திலேயே நம்மை உறுத்தும் மற்றொரு மனைவி இருக்கிறாள். துளசி வீட்டு வேலைக்காரிக்கும் கணவன் துரோகம் செய்கிறான். அவள் கணவனைக் கொன்று சிறை செல்கிறாள். அவள் மகளைத் துளசி வளர்க்கிறாள். குற்றம் ஒன்றே. ஆயினும் படித்த மனைவிக்குத் தன்மானமும் உழைக்கும் மனைவிக்குச் சிறையும் கிடைக்கின்றன.

ஓசூர், கிருஷ்ணகிரிப் பகுதியில் வாழும் நமக்கு இவ்வேறுபாடு வெறும் திரைச்செய்தி அன்று. சிப்காட் தொழிற்பேட்டையை நம்பிப் பல மாவட்டங்களிலிருந்தும் வந்தவர்கள் இங்கு ஒரே வரிசை வாடகை வீடுகளில் தமிழும் தெலுங்கும் கன்னடமும் உருதும் பேசி வாழ்கின்றனர். கணவன் இரவு ஷிப்டு முடித்து வருகையில் மனைவி முதல் ஷிப்டுக்குப் புறப்படும் வீடுகள் உண்டு. குடும்பத்தை ஊரில் விட்டுவந்தவர்களும் உண்டு. தனிமையும் ஐயமும் பிரிவும் இவர்களுக்கும் நேர்கின்றன. நாம் மேலே கண்ட படங்களின் நாயகர்களோ பாடகர், ஊர்ப்பெரியவர், மருத்துவர், செல்வந்தர். உழைப்பாளியின் இல்லறம் அவற்றுள் பக்கக்கதையாகவே வந்துபோகிறது. ஆய்வேட்டிற்குத் தலைப்புத் தேடும் முதுகலை மாணவர்கள் 'மறுபடியும்' படத்து வேலைக்காரியிடமிருந்து தொடங்கலாம்.