பயிற்சியாளர் மாறினால் அணி எழுமா?

கல்லூரிக் கால்பந்து அணியொன்று தொடர்ந்து சில ஆண்டுகள் தோல்வியுறுமானால் அடுத்து எழும் குரல் எதுவென்று நாம் அனைவரும் அறிவோம். "பயிற்சியாளரை மாற்றுங்கள்" என்பர் மாணவர். "நல்ல ஆள் ஒருவரைக் கொண்டு வாருங்கள், செலவை நாங்கள் பார்த்துக்கொள்கிறோம்" என்பர் முன்னாள் மாணவராகிய பெரியோர். புதியவர் வருவார், சால்வை போர்த்தப்படும், ஒரு பருவம் கழியும். கோப்பை வராவிடின் அதே குரல் மீண்டும் எழும். அக்குரலில் நியாயம் எவ்வளவு, மயக்கம் எவ்வளவு என்பதை ஒரு மனிதரின் பணியை முன்வைத்து ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

தமிழ்த்துறை மலரில் கால்பந்துக்கு என்ன வேலை என்று சிலர் வினவலாம். நாம் ஆராயப் புகுவது பந்தை அன்று, ஆசிரியரை. நல்லாசிரியர்க்கு நிலம், மலை, நிறைகோல், மலர் ஆகியவற்றை உவமை கூறும் நன்னூல் பாயிரத்தை வகுப்பறையில் ஆண்டுதோறும் நடத்துகிறோம். அவ்விலக்கணம் வகுப்பறைக்கு வெளியே, புல்தரையில் எவ்வாறு பொருந்துகிறது என்று பார்ப்பதில் தவறில்லை.

நாம் எடுத்துக்கொண்ட மனிதர் ஹைதராபாத்தைச் சேர்ந்த மர்ஹூம் சையத் அப்துல் ரஹீம் அவர்கள். 1909ஆம் ஆண்டு ஆகஸ்ட் 17இல் பிறந்தவர். உஸ்மானியா பல்கலைக்கழகத்தில் பட்டம் பெற்றுப் பள்ளி ஆசிரியராகப் பணிபுரிந்தவர். ஆட்டக்காரர்கள் அவரை 'ரஹீம் சாப்' என்றே அழைத்தனர். 2024இல் வெளிவந்த 'மைதான்' என்னும் இந்தித் திரைப்படத்தால் அவர் பெயர் இளையோர் செவிக்கும் எட்டியிருக்கிறது. அது நன்றே. ஆயினும் இரண்டு மூன்று மணி நேரத்துக்குள் கதை சொல்ல வேண்டிய திரைப்படம், ஒரு மாமனிதர் வந்தார், வென்றார் என்னும் எண்ணத்தையே நம் மனத்தில் விட்டுச் செல்லும். ரஹீம் சாஹிபின் பணி அவ்வளவு விரைவில் முடிந்த ஒன்றன்று.

புதிய பயிற்சியாளர் என்ற நிலையில் அவருக்குக் கிடைத்த முதல் வெற்றி விரைவாகவே வந்தது என்பதை மறுப்பதற்கில்லை. 1951இல் புதுதில்லியில் நடந்த முதலாம் ஆசிய விளையாட்டுப் போட்டியில், இறுதியாட்டத்தில் ஈரானை 1–0 என வென்று இந்தியா தங்கம் பெற்றது. சாஹு மேவாலால் அடித்த கோல் அது. இத்துடன் கதையை நிறுத்தினால், "ஆளை மாற்றினால் போதும்" என்போர் கட்சியே வென்றதாகும்.

அடுத்த ஆண்டு நிகழ்ந்ததைப் பார்ப்போம். 1952 ஹெல்சிங்கி ஒலிம்பிக்கில் அதே பயிற்சியாளரின் கீழ் ஆடிய இந்திய அணி யூகோஸ்லாவியாவிடம் 10–1 என்ற கணக்கில் தோற்றது. பத்துக் கோல்! குளிர் மிகுந்த அயல்மண்ணில் நம்மவருள் பெரும்பாலோர் காலணியின்றி வெறுங்காலுடன் ஆடினர். எதிரணியோ அப்போட்டியில் வெள்ளி வென்ற அணி. ஓராண்டுக்குள் ஒரு மனிதரின் அறிவு தேய்ந்துவிட்டதா? இல்லை. 1951இன் தங்கம் எத்துணை உண்மையோ, 1952இன் தோல்வியும் அத்துணை உண்மை. ஒரு பருவத்தின் முடிவைக் கொண்டு பயிற்சியாளரை அளப்பது, ஒரு தேர்வுத்தாளைக் கொண்டு ஆசிரியரை அளப்பது போன்றதே. இதனை நாம் நம் துறைக்குள் ஒருபோதும் ஒப்புக்கொள்ள மாட்டோம். மைதானத்தில் மட்டும் ஏனோ உடனே ஒப்புக்கொண்டுவிடுகிறோம்.

ஹெல்சிங்கிக்குப் பின் காலணி கட்டாயமாக்கப்பட்டது. ஆட்ட முறையும் மாறத் தொடங்கியது. நான்கு தடுப்பாட்டக்காரர், இரண்டு நடுக்கள ஆட்டக்காரர், நான்கு முன்னாட்டக்காரர் என்னும் அமைப்பை 1958 உலகக் கோப்பையில் பிரேசில் அணி புகழ்பெறச் செய்தது. அதற்கு முன்னரே ரஹீம் அவ்வமைப்பைக் கையாண்டார் என்று இந்தியக் கால்பந்து வரலாற்றை எழுதியோர் குறிப்பிடுவர். 1956 மெல்போர்ன் ஒலிம்பிக்கில் முதற்சுற்றில் ஹங்கேரி விலகிக்கொண்டதால் இந்தியா ஆடாமலே முன்னேறியது. காலிறுதியில் போட்டியை நடத்திய ஆஸ்திரேலியாவை அவர்கள் மண்ணிலேயே 4–2 என வென்றது. நெவில் டிசோசா மூன்று கோல் அடித்தார். அரையிறுதியில் எதிர்நின்றது அதே யூகோஸ்லாவியா. இம்முறை முதல் கோலை அடித்தது இந்தியா! பின்னர் 4–1 எனத் தோற்றது. மூன்றாம் இடத்துக்கான ஆட்டத்தில் பல்கேரியாவிடம் 3–0 எனத் தோற்று நான்காம் இடம் பெற்றது. ஆடாமல் கிடைத்த முதற்சுற்றைக் கழித்தே இதனை மதிப்பிட வேண்டும் என்பாருடன் நமக்கு வழக்கில்லை. நாம் கருதுவது ஒன்றே: ஒரே எதிரணியிடம் நான்கு ஆண்டு இடைவெளியில் 10–1 என்பது 4–1 ஆயிற்று. வளர்ச்சியை அளக்க இதைவிட நேர்மையான அளவுகோல் கிடைப்பது அரிது.

இம்மாற்றம் எங்கிருந்து வந்தது? மெல்போர்ன் சென்ற அணியின் பெயர்ப் பட்டியலிலேயே இதற்கு விடை இருக்கிறது. அசீசுத்தீன், நூர் முகம்மது, சுல்பிகாருத்தீன், துளசிதாஸ் பலராம் என ஹைதராபாத் கால்பந்தில் வளர்ந்தவர் பலர் அப்பட்டியலில் உள்ளனர். இவர்கள் தேசிய முகாமில் சில வாரங்கள் ரஹீமைச் சந்தித்து வணக்கம் கூறியவர்கள் அல்லர். அவருடைய ஊரில், அவர் கண்பார்வையில் ஆண்டுக்கணக்கில் ஆடியவர்கள்.

ரஹீம் 1940களின் தொடக்கத்திலேயே ஹைதராபாத் கால்பந்துச் சங்கத்தின் செயலாளர் பொறுப்பை ஏற்றார். இறுதிவரை அப்பொறுப்பில் இருந்தார். ஹைதராபாத் நகரக் காவல்துறை அணியையும் அவரே பயிற்றுவித்தார். அவ்வணி 1950 முதல் 1954 முடிய ஐந்து ஆண்டுகள் இடைவிடாது பம்பாயில் ரோவர்ஸ் கோப்பையை வென்றது. 1950இல் மோகன் பகானை வீழ்த்தி டியூராண்டு கோப்பையையும் வென்றது. ஆட்டக்காரர்க்கு அங்குக் காவல்துறை வேலை இருந்தது. மாதச் சம்பளம் வந்தது. வீட்டு அடுப்பு எரியுமா என்னும் கவலையின்றிக் காலையில் மைதானத்துக்கு வர முடிந்தது. பயிற்சியாளரின் புகழைப் பேசும் நூல்கள் இச்சம்பளத்தைப் பற்றி அதிகம் பேசுவதில்லை. நாமோ இதனை முதன்மையான காரணங்களுள் ஒன்றாகவே கருதுகிறோம்.

அவர் கற்பித்த முறையும் ஆசிரியர்க்கே உரியது. பந்தைத் தனியே உருட்டிச் சென்று எதிரியை ஏய்க்கும் 'டிரிபிளிங்' அக்கால இளைஞர்க்குப் பெரும் மோகம். பார்ப்போர் கைதட்டுவர், அணி தோற்கும். இதனைக் கண்ட ரஹீம் டிரிபிளிங் செய்யவே கூடாது என்னும் விதியுடன் போட்டிகளை நடத்தினார். பந்து வந்தவுடன் அதனைத் தோழனுக்குத் தள்ளியே ஆக வேண்டும். பழகாத காலை மட்டுமே பயன்படுத்த வேண்டும் என்னும் போட்டிகளையும் வைத்தார். வலக்கால் வழக்கமுள்ளவன் இடக்காலால்தான் உதைக்க வேண்டும். அறிவுரை கூறிக்கொண்டிருப்பதை விட்டு, விதியை மாற்றி, மாணவன் தானே கண்டறியுமாறு செய்த உத்தி இது. யாப்பிலக்கணம் கற்பிக்கும்போது, பிழையைச் சுட்டிக்கொண்டே இராமல் ஈற்றடியைக் கொடுத்து வெண்பா எழுதச் சொல்லும் பழைய முறை நம் நினைவுக்கு வருகிறது.

நிறைகோல் என்னும் உவமைக்கு வருவோம். 1960 ரோம் ஒலிம்பிக்கில் ரஹீமின் மகன் சையத் ஷாகித் ஹக்கீம் இந்திய அணியில் இடம்பெற்றிருந்தார். ஒரு ஆட்டத்திலும் அவர் களமிறக்கப்படவில்லை. தேர்வுக்குழுவில் உறவினர் அமரும் வழக்கம் பெருகிவிட்ட நாளில் இச்செய்தியைச் சற்று உரத்துச் சொல்வது பிழையாகாது. அப்போட்டியில் இந்தியா ஹங்கேரியிடம் 2–1, பெருவிடம் 3–1 எனத் தோற்றது. பிரான்சுடன் 1–1 எனச் சமன் செய்தது. பதக்கம் இல்லை. ஆயினும் இரண்டே ஆண்டுகளில் ஜகார்த்தாவில் தங்கம் வென்றவருள் பலர் ரோமில் ஆடிப் பழகியவர்களே.

1962 ஜகார்த்தா ஆசிய விளையாட்டைப் பற்றிச் சிறிது விரிவாகவே கூற வேண்டும். ரஹீம் அப்போது புற்றுநோயால் பீடிக்கப்பட்டிருந்தார். முதல் ஆட்டத்திலேயே தென்கொரியாவிடம் 2–0 எனத் தோல்வி. பின்னர் தாய்லாந்தை 4–1, ஜப்பானை 2–0 என வென்று அணி அரையிறுதிக்கு வந்தது. தாய்லாந்துடன் ஆடியபோது தடுப்பாட்டக்காரர் ஜர்னைல் சிங்கின் தலையில் காயம்பட்டுத் தையல் போடப்பட்டது. தடுப்பாட்டத்தில் நின்றால் பந்தைத் தலையால் முட்டி விலக்கியே ஆக வேண்டும். காயத்துடன் அது இயலாது. வேறு எவராயினும் அவரை ஓய்வில் அமர்த்தியிருப்பர். ரஹீமோ அவரை முன்னாட்டக்காரராக நிறுத்தினார். அரையிறுதியில் தென்வியட்நாமை 3–2 என வென்றாயிற்று. செப்டம்பர் 4ஆம் நாள் இறுதியாட்டத்தில் எதிரே மீண்டும் தென்கொரியா. இஸ்ரேலும் தைவானும் அப்போட்டியில் சேர்க்கப்படாததை இந்திய அதிகாரி ஒருவர் கண்டித்திருந்தமையால், அரங்கில் நிறைந்திருந்த பெருங்கூட்டம் இந்தியாவுக்கு எதிராகவே கூச்சலிட்டது. வலைகாத்து நின்றவர் பீட்டர் தங்கராஜ். முதல் கோல் பி.கே. பானர்ஜி, இரண்டாவது கோல் தலையில் தையலோடு ஆடிய ஜர்னைல் சிங். 2–1 என இந்தியா வென்றது.

தடுப்பாட்டக்காரரை ஒரே நாளில் முன்னாட்டக்காரராக்கும் துணிவு எங்கிருந்து வந்தது? மாணவனின் ஆற்றல் எதுவரை செல்லும் என்று பல ஆண்டுகள் பக்கத்திலிருந்து பார்த்தவர்க்கே அது வரும். நேற்று வந்தவரால் அதைச் செய்திருக்க இயலாது. செய்திருந்தால் அது சூதாட்டமே. மாணவன் தன்னிடம் ஒப்படைக்கப்பட்ட அமானிதம் என்று உணர்ந்த ஆசிரியரின் அறிவு அது.

அமெரிக்காவில் கல்லூரிக் கால்பந்து பெருவணிகமாகிவிட்டது. அது நம் கால்பந்தன்று. முட்டை வடிவப் பந்தைக் கையில் ஏந்தி ஓடும் வேறோர் ஆட்டம். தோற்ற பயிற்சியாளரை நீக்கிப் புதியவரைப் பெரும்பணம் கொடுத்து அழைப்பது அங்கு ஆண்டுதோறும் நடக்கும் சடங்கு. 1997 முதல் 2010 வரை அங்கு நிகழ்ந்த பயிற்சியாளர் மாற்றங்களை ஆராய்ந்த ஓர் ஆய்வு 2013இல் வெளியாயிற்று. மிகவும் தாழ்ந்த நிலையிலிருந்த அணிகள் ஆளை மாற்றியதால் பெற்ற பயன் சொற்பமே என்றும், நடுத்தர நிலையிலிருந்த அணிகள் மாற்றத்துக்குப் பின் முன்னிலும் மோசமாக ஆடின என்றும் அது கண்டது. வணிகம் வேறு, நம் கல்லூரி வேறு என்று இதனை ஒதுக்கிவிடலாம். ஆனால் சால்வையோடு வரவேற்றுப் பருவ முடிவில் வழியனுப்பும் பழக்கம் இரண்டு இடத்திலும் ஒன்றாகவே இருக்கிறது.

இதனால் பயிற்சியாளர் முக்கியமல்லர் என்பது நம் கருத்தன்று. ரஹீம் இல்லாவிடில் ஜகார்த்தா இல்லை. ஆயினும் ரஹீமை வேறொரு ஊரில், வேலை தரும் காவல்துறை இல்லாத இடத்தில், ஓராண்டு ஒப்பந்தத்தில் அமர்த்தியிருந்தால் அவரும் தோற்ற பயிற்சியாளர்களின் வரிசையில் ஒருவராகவே மறக்கப்பட்டிருப்பார் என்றே நாம் கருதுகிறோம். ஆதலின் தேர்வுக்குழுவினர் புதியவரை நோக்கி "எத்தனை கோப்பை வென்றீர்?" என்று வினவுமுன், தம்மை நோக்கிச் சில வினாக்களைத் தொடுத்துக்கொள்ளல் வேண்டும். அவருக்கு எத்தனை ஆண்டு தரப்போகிறோம்? சுற்றுவட்டாரப் பள்ளிகளில் பன்னிரண்டு வயதுச் சிறுவர் எவரேனும் பந்து ஆடுகின்றனரா? வெளியூர் மாணவனுக்குக் காலைப் பயிற்சி முடிந்ததும் விடுதியில் உணவு இருக்கிறதா, அல்லது மணியடித்துப் பூட்டிவிட்டார்களா? பல கல்லூரி அணிகள் உண்மையில் தோற்பது இக்கடைசி வினாவிடத்தே என்பது நம் அனுபவம்.

ரஹீம் சாஹிப் 1963 ஜூன் 11ஆம் நாள் வஃபாத்தானார். ஜகார்த்தா வெற்றிக்குப் பின் ஓராண்டுகூட நிறையவில்லை. 1964இல் ஆசியக் கோப்பையில் இந்தியா இரண்டாம் இடம் பெற்றது. 1970இல் பாங்காக்கில் வெண்கலம் வென்றது. அவ்வணியின் தலைவர் சையத் நயீமுத்தீன். ஹைதராபாத் நகரக் காவல்துறை அணியிலிருந்து புறப்பட்டவர். ஆசிய விளையாட்டுக் கால்பந்தில் அதற்குப்பின் இந்திய ஆடவர் அணி பதக்கம் எதுவும் பெறவில்லை.