எந்தக் கதவு, யாருக்கு?

பழைய கைகாட்டிக்கு இயல்பான நிலை "நில்" என்பதே. பாதை காலி என்று உறுதியான பிறகுதான் கை இறங்கும்; வண்டி கடந்ததும் மறுபடி "நில்". கணிப்பொறி வலைப்பின்னலுக்கு விதி எழுதுவோருக்கும் முதற்பாடம் இதுவே: எல்லாவற்றையும் மூடு, தேவையானதை மட்டும் திற.

ஒவ்வொரு கணிப்பொறிக்கும் ஒரு முகவரி உண்டு. அந்த முகவரியில் 0 முதல் 65,535 வரை எண்ணிட்ட கதவுகள் உண்டு. இவற்றுக்குப் போர்ட் என்று பெயர். இணையப் பக்கங்களுக்கு 80, 443. தளத்தின் பெயரை முகவரியாக மாற்றித் தரும் சேவைக்கு 53. விண்டோஸ் கோப்புப் பகிர்வுக்கு 445. இக்கதவுகளுக்குக் காவல் நிற்பது ஃபயர்வால்.

திறந்து கிடக்கும் கதவு என்ன செய்யும்? 2017 மே 12 அன்று வான்னாகிரை என்னும் தீநிரல் 445ஆம் கதவு வழியே கணிப்பொறிக்குக் கணிப்பொறி தாவியது. கோப்புகளைப் பூட்டிவிட்டுப் பணம் கேட்டது. ஜெர்மன் ரயில்வேயின் நிலைய அறிவிப்புப் பலகைகளிலும் அந்த மிரட்டல் தெரிந்தது. வண்டிகள் மட்டும் ஓடின. நமக்கு அடுத்த சித்தூர் உள்ளிட்ட ஆந்திர மாவட்டங்களில் காவல்துறைக் கணிப்பொறிகளும் சிக்கின. அந்த ஓட்டையை அடைக்கும் திருத்தத்தை மைக்ரோசாஃப்ட் மார்ச் மாதமே வெளியிட்டிருந்தது.

பாலகாட்டில் ஒரு வாசிப்பறை இருப்பதாக வைத்துக்கொள்வோம். மாணவர்களுக்கு ஐந்து கணிப்பொறிகள்; உறுப்பினர் கணக்கு வைக்க அலுவலகத்தில் ஒன்று. விதிகள் இப்படி அமையும்:

1. வாசிப்பறையிலிருந்து அலுவலகத்துக்கு, எந்தப் போர்ட்டானாலும்: தடு.
2. எல்லாரும், எங்கும், போர்ட் 53: விடு.
3. எல்லாரும், எங்கும், போர்ட் 80, 443: விடு.
4. மற்றவை அனைத்தும்: தடு.

பெரும்பாலான ஃபயர்வால்கள் மேலிருந்து கீழாகப் படித்து, முதலில் பொருந்தும் விதியோடு நின்றுவிடும். ஆகவே வரிசை முக்கியம். முதல் விதியை மூன்றாவதற்குக் கீழே இறக்கினால், மாணவர் கணிப்பொறி 443 வழியே அலுவலகக் கணிப்பொறியின் கதவைத் தட்டலாம். தடை எழுதியும் பயனில்லை. உள்ளிருந்து போன கேள்விக்கு வரும் பதிலை இன்றைய ஃபயர்வால்கள் தாமே அடையாளம் கண்டு விடும். அதற்குத் தனி விதி வேண்டாம்.

இரண்டு எச்சரிக்கைகள். இரு பிரிவுகளும் ஒரே சுவிட்சில் ஒரே வலைப்பின்னலாக இருந்தால், அவற்றுக்கு இடையேயான போக்குவரத்து ஃபயர்வாலைத் தொடாது. முதல் விதி வெறும் எழுத்தாகிவிடும். பிரிவுகளைத் தனித்தனியே அமைத்து, ஒவ்வொரு கணிப்பொறிக்கும் நிலையான முகவரி கொடுங்கள். அடுத்தது, போர்ட் எண் கதவைக் காட்டுமே தவிர உள்ளே வரும் சரக்கைக் காட்டாது. 443 வழியாகவும் தீங்கு வரலாம். ஆகவே திருத்தங்களும் கடவுச்சொல்லும் எப்போதும் வேண்டும்.

விதி எழுதி முடித்ததும் மாணவர் கணிப்பொறியில் அமர்ந்து அலுவலகக் கணிப்பொறியைத் திறக்க முயன்று பாருங்கள். ஒவ்வொரு விதிக்கும் எதிரே காரணமும் தேதியும் குறியுங்கள். காரணம் எழுத முடியாத விதியை நீக்கிவிடலாம்.