பைக்கில் பிள்ளைக்கு இருக்கை மட்டும் போதுமா?

சிறு பிள்ளையைப் பெட்ரோல் டேங்க் மேல் உட்கார வைத்தோ, ஸ்கூட்டரின் முன்னே நிற்க வைத்தோதான் நம்மில் பலர் அழைத்துப் போகிறோம். திடீரென பிரேக் பிடித்தால் பிள்ளையின் முகம் ஹேண்டில்பாரில் மோதும்.

கடையில் வாங்கி முன்பக்கம் மாட்டும் குட்டி இருக்கை உட்கார இடம் தரும், விழாமல் பிடித்துக்கொள்ளாது. மத்திய அரசின் விதி கேட்பதும் பெல்ட்டைத்தான். 2022 பிப்ரவரியில் வெளியான அவ்விதி, 2023 பிப்ரவரி முதல் நடைமுறையில் உள்ளது. 9 மாதம் முதல் 4 வயது வரையுள்ள பிள்ளைகளுக்கு அது சொல்வது:

1. பிள்ளை சட்டைபோல் அணியும் பாதுகாப்பு பெல்ட் வேண்டும். அதன் வார்களை ஓட்டுபவர் தம் தோள்களில் மாட்டிக்கொள்ள வேண்டும். பெல்ட் 30 கிலோ வரை தாங்க வேண்டும்; அளவைக் கூட்டிக் குறைக்க முடிய வேண்டும்.

2. பிள்ளையின் தலைக்குப் பொருந்தும் ஹெல்மெட் வேண்டும். சைக்கிள் ஹெல்மெட்டும் ஏற்கப்படும்.

3. வேகம் மணிக்கு 40 கி.மீ.யைத் தாண்டக் கூடாது.

சேலம்–நாமக்கல் நான்குவழிச் சாலையில் லாரிகளுக்கு நடுவே 40-இல் போவதும் ஆபத்தே. அத்தகைய பயணத்துக்குப் பஸ்ஸே நல்லது. ஒன்பது மாதம் நிரம்பாத பிள்ளையைப் பைக்கில் ஏற்றவே வேண்டாம். நான்கு வயது தாண்டிய பிள்ளைக்கு ஹெல்மெட் சட்டப்படி கட்டாயம்.

பிள்ளைகள் அல்லாஹ் நம்மிடம் ஒப்படைத்த அமானிதம். இருக்கை வாங்கும் முன் பெல்ட்டையும் ஹெல்மெட்டையும் வாங்குவோம், இன்ஷா அல்லாஹ்.