பாயேற்றும் கயிறு

காற்றின் ஆற்றலால் நீரில் விரைந்து செல்லும் பாய்ப்படகினைக் கரையில் நின்று காண்போர், அதன் விரிந்த பாயினையே வியந்து நோக்குவர். அப்பாயினை உயரத்தில் நிறுத்தியிருக்கும் மெல்லிய கயிற்றினை நோக்குவோர் சிலரே. அதற்கு ஆஞ்சான் என்று பெயர். பாயை ஏற்றுதல், ஏற்றிய பாயை நிலைநிறுத்துதல், வேண்டும்போது இறக்குதல் ஆகிய மூன்று தொழில்களையும் செய்வது அதுவே.

‘என்டர்பிரைஸ்’ என்னும் சிறு படகை எடுத்துக்காட்டாகக் கொள்வோம். 1956ஆம் ஆண்டில் ஜாக் ஹோல்ட் என்னும் ஆங்கிலேயர் இதனை வடிவமைத்தார். இதன் நீளம் ஏறத்தாழ 4 மீட்டர். இருவர் செலுத்தும் இப்படகிற்குப் பெரும்பாய் ஒன்றும் முன்பாய் ஒன்றும் உண்டு. ஆதலின் ஆஞ்சான்களும் இரண்டாகும்.

ஆஞ்சானின் ஒரு முனை பாயின் தலையில் இணைக்கப்படும். அங்கிருந்து அது பாய்மரத்தின் மேற்பகுதியிலுள்ள கப்பியின் வழியாக வளைந்து மரத்தின் அடிக்கு இறங்கும். எனவே, கப்பி இருக்கும் உயரத்தைப்போல் இரு மடங்கினும் சற்று மிகுதியான நீளம் அதற்கு வேண்டும். அதன் கீழ்முனையில் எட்டு வடிவ முடிச்சொன்று இடுவர். அஃது இல்லையேல், கைதவறிய கயிறு கப்பியினின்று உருவிக்கொண்டு விழுந்துவிடும். பின்னர் மரத்தைச் சாய்த்தே அதனைக் கோக்க நேரும்.

முற்காலத்தில் மணிலா நார் முதலியவற்றால் இக்கயிறு திரிக்கப்பட்டது. இக்காலத்தில் பாலியெஸ்டர் கயிறு பெரிதும் பயன்படுகின்றது. நைலான் கயிறு வலிமையுடையதேனும், இழுத்தால் நீளும் இயல்பினது. ஆஞ்சான் நீண்டால் பாய் தளர்ந்து தன் வடிவினை இழக்கும்.

பாயை ஏற்றுமுன் படகின் முகத்தைக் காற்று வரும் திசைக்கு எதிராகத் திருப்புதல் வேண்டும். அப்போது பாய் காற்றை ஏந்தாது கொடிபோல் படபடக்கும், எளிதில் மேலேறும்.

ஏற்றிய பின் கயிற்றைக் கட்டும் முறையே இன்றியமையாதது. பல படகுகளில் மரத்தின் அடியில் இரு கொம்புகளையுடைய முளை ஒன்று இருக்கும். முதலில் அம்முளையின் அடியைச் சுற்றி ஒரு முழுச்சுற்றுச் சுற்றுவர். பின்னர் இரு கொம்புகளிலும் எட்டு வடிவில் மாறிமாறிச் சுற்றுவர். இறுதியாகவே பூட்டுச் சுற்று ஒன்றினை இடுவர். முதற் சுற்றுகளின் உராய்வே பாரத்தைத் தாங்கும். பூட்டுச் சுற்று காவல் மட்டுமே.

இம்முறை எதற்கு? தொடக்கத்திலேயே முடிச்சிட்டால் ஆகாதோ? ஆகாது. பாரம் முழுவதும் முடிச்சின்மேல் விழுந்து அதனை இறுக்கிவிடும். காற்றின் வேகம் இரு மடங்கானால் அதன் தாக்குதல் நான்கு மடங்காகும். திடீரெனச் சூறை எழும் வேளையில், அவிழாத முடிச்சினால் பாய் இறங்காது நின்றால் படகு கவிழ்தலும் கூடும்.

எஞ்சிய கயிற்றையும் சிக்கலின்றி வளையமாகச் சுருட்டி முளையில் தொங்கவிடுவர். பாயை இறக்குமுன் அச்சுருளை எடுத்து, கயிற்றின் கடைமுனை அடியில் இருக்குமாறு வைப்பர். அங்ஙனம் வைத்தால் கயிறு தடையின்றி ஓடும். இறக்கிய பாயினின்று கழற்றிய முனையையும் உடனே ஓரிடத்தில் மாட்டுதல் வேண்டும். இல்லையேல் அது மரத்தின் உச்சிக்கு ஏறிவிடும்.

கட்டும்போதே அவிழ்க்கும் வேளையை எண்ணுவோனே தேர்ந்த படகோட்டி.