கடைத் தொட்டியும் வீட்டுத் தொட்டியும்

சென்னையில் கொளத்தூர்ப் பக்கம் போய் வண்ணமீன் கடைகளின் வரிசையைப் பார்த்து வந்தவர்களுக்கு ஒரு சந்தேகம் எழுவது இயல்பு. இரண்டடித் தொட்டி ஒன்றில் ஐம்பது அறுபது பிளாட்டி மீன்கள் நெருக்கியடித்து நீந்துகின்றன. அடுத்த தொட்டியில் டைகர் பார்ப் அதைவிட அடர்த்தியாக மொய்க்கிறது. மேல்தட்டில் சின்னஞ்சிறு சீசாக்களில் சீசாவுக்கு ஒன்றாக ஃபைட்டர் ஆண்மீன்கள் இருக்கின்றன. இத்தனையும் உயிரோடும் நிறத்தோடும் கண்முன் இருக்கையில், அதே இரண்டடித் தொட்டிக்கு எட்டு மீன்கள் போதும் என்று அநுபவஸ்தர்கள் சொல்வது வீண் எச்சரிக்கையோ என்று தோன்றும். இந்தச் சந்தேகத்துக்கு விடை காணாமல் கடையின் கணக்கை அப்படியே வீட்டுக்குக் கொண்டுவந்தவர்களுடைய தொட்டிகள்தாம் பெரும்பாலும் சில வாரங்களில் காலியாகிப் பரணுக்குப் போகின்றன.

கடைக்காரர் மீனை வளர்ப்பதில்லை, விற்கும்வரை வைத்திருக்கிறார். பண்ணையிலிருந்து பிராணவாயு நிரப்பிய பாலிதீன் பைகளில் வந்திறங்கும் மீன் சில நாட்களிலோ, மிஞ்சினால் இரண்டொரு வாரங்களிலோ விலைபோய்விடும் என்ற நம்பிக்கையின்பேரில்தான் அவ்வளவு நெருக்கமாக அது வைக்கப்படுகிறது. சத்திரத்துத் திண்ணையில் ஓரிரவு இருபது பேர் படுத்தெழுந்து போவதைக் கண்டு, அந்தத் திண்ணையிலேயே இருபது பேர் ஆயுள் முழுதும் குடித்தனம் நடத்தலாம் என்று யாரும் முடிவு செய்வதில்லை அல்லவா? வீட்டுக்கு வரும் மீனோ அங்கேயே வளர்ந்து, முதிர்ந்து, தன் ஆயுளைக் கழிக்க வேண்டியது. நன்கு பராமரித்தால் கோல்டு ஃபிஷ் பத்து ஆண்டுகளுக்கு மேலும் ஜீவித்திருக்கும்.

இடத்தைவிட முக்கியமான வேற்றுமை, கண்ணுக்குத் தெரியாத உழைப்பில் இருக்கிறது. மீன் உண்ணும் உணவிலுள்ள புரதத்தின் கழிவு அம்மோனியாவாகி, பெரும்பாலும் செவுள்களின் வழியே ஜலத்தில் கலக்கிறது. அது கொடிய விஷம். ஃபில்டரின் ஸ்பாஞ்சிலும் அடியிலுள்ள கற்களிலும் குடியேறும் நுண்ணுயிர்களுள் ஒரு வகை அதை நைட்ரைட்டாகவும், இன்னொரு வகை அந்த நைட்ரைட்டை அவ்வளவாகக் கேடு செய்யாத நைட்ரேட்டாகவும் மாற்றிக்கொண்டே இருப்பதால்தான் தொட்டியில் உயிர் தரிக்கிறது. பெரிய கடைகளில் பல தொட்டிகளின் நீர் ஒரே குழாய்வழியாகக் கீழேயுள்ள பெரிய வடிகட்டும் தொட்டிக்குச் சென்று திரும்புவதால், பார்ப்பதற்கு இரண்டடித் தொட்டியானாலும் அந்த மீன்களுக்கு வாய்ப்பது அதைப்போல் பல மடங்கு ஜலம். அந்த ஏற்பாடில்லாத சிறு கடைகளிலும் அடிக்கடி நீரை மாற்றுவதற்கும், செத்ததை அவ்வப்போது எடுத்துப் போடுவதற்கும் ஆள் இருக்கிறது. தின்பது குறைந்தால் கழிவும் குறையும் என்பதை அறிந்து தீனியையும் அளவாகவே போடுகிறார்கள். வீட்டிலோ குழந்தைகள் ஒருவர் மாற்றி ஒருவர் தீனி தூவுகிறார்கள். வாரத்துக்கு ஒரு முறை கால்பங்கு நீரை மாற்றுவதே பெரிய காரியமாகிவிடுகிறது.

நம் ஊர்களில் பல வீடுகளில் ஆழ்குழாய்க் கிணற்று நீரே தொட்டிக்கும் உபயோகமாகிறது. அது பெரும்பாலும் உப்பும் காரமும் மிகுந்தது. நீரின் பி.எச். அளவு 7-லிருந்து 8-க்கு உயரும்போது, அம்மோனியாவில் மீனைக் கொல்லக்கூடிய பகுதி ஏறக்குறைய பத்து மடங்காகிவிடுகிறது. ஆகவே ஒரே எண்ணிக்கை மீன்கள் ஒரு வீட்டில் பிழைத்து, அடுத்த தெருவில் மடிந்துபோவதில் விந்தை ஒன்றுமில்லை. இதனோடு வெயிலும் சேர்ந்துகொள்கிறது. 25 டிகிரி செல்சியஸ் வெப்பத்தில் ஒரு லிட்டர் நீர் சுமார் 8.2 மில்லிகிராம் பிராணவாயுவை ஏற்கும். 30 டிகிரியில் அது 7.5 ஆகக் குறைகிறது. மீனின் தேவையோ உஷ்ணம் ஏற ஏற அதிகரிக்கிறது. சித்திரை வைகாசி மாதத்து இரவில் மின்சாரம் நின்று ஏரேட்டர் ஓய்ந்தால், கடையில் அதற்கென்று இன்வெர்ட்டர் இருக்கும். வீட்டில் எல்லாரும் உறங்கிக்கொண்டிருப்பார்கள். அந்தச் சில மணி நேரத்தைத் தாங்கக்கூடிய எண்ணிக்கை எதுவோ, அதுவே வீட்டுத் தொட்டிக்குரிய எண்ணிக்கை என்பது என் அபிப்பிராயம்.

இவ்வளவும் சொன்னதனால், வீட்டில் எல்லாவற்றையும் குறைத்துவிட வேண்டும் என்று கொண்டுவிடக் கூடாது. டைகர் பார்ப் கூட்டமாக வாழும் சுபாவமுடையது. கடைத் தொட்டியின் நெரிசலில் ஒன்றையொன்று துரத்துவதிலேயே அதன் முரட்டுத்தனம் கரைந்துவிடுகிறது. அவற்றில் இரண்டை மட்டும் வாங்கி வந்து ஏஞ்சல் மீனோடு விட்டால், ஏஞ்சலின் நீண்ட துடுப்புகள் சில நாட்களிலேயே கந்தலாகும். நியான் டெட்ராவும் அப்படியே. இரண்டு மூன்றாக விட்டால் பயந்து மூலையில் பதுங்கி நிறம் வெளிறும், ஆறு எட்டாக இருந்தால்தான் வெளியே வந்து நீந்தும். எனவே வீட்டில் குறைக்க வேண்டியது முதலில் ஜாதிகளின் எண்ணிக்கையை. ஜாதிக்கு ஒரு ஜோடி என்று பத்து ஜாதிகளைச் சேர்க்கும் வழக்கம், பார்வைக்கு ரம்மியமாயிருந்தாலும், மீன்களுக்கு எவ்விதத்திலும் நன்மையானதன்று. ஆப்பிரிக்காவின் மலாவி ஏரியைச் சேர்ந்த சிக்லிட் மீன்களை மட்டும், சண்டை ஒன்றின்மேலேயே விழாமல் சிதறட்டும் என்று, வீட்டிலும் சற்று நெருக்கமாகவே வைப்பார்கள். அப்படி வைப்பவர் வடிகட்டுவதிலும் நீர் மாற்றுவதிலும் கடைக்காரர் அளவுக்கு உழைக்க வேண்டும்.

கடையில் காண்பவை பெரும்பாலும் குஞ்சுகள் என்பதையும் மறத்தலாகாது. விரலளவில் விற்கும் ஆஸ்கார் ஓரடி வளரும். ‘ஷார்க்’ என்ற பெயரில் கிடைக்கும் பங்காசியஸும், ரெட் டெயில் கேட்ஃபிஷும் இயற்கையில் ஒரு மீட்டரையும் கடக்கக்கூடியவை. நாணயத்தளவு ஏஞ்சல் குஞ்சுகள் நியான் டெட்ராக்களோடு சாதுவாக நீந்துவதைக் கடையில் பார்க்கலாம். வளர்ந்த ஏஞ்சலுக்கு அதே நியான் இரையாகும். பாசி தின்னும் என்று வாங்கும் சக்கர் மீனும் ஓரடிக்கு மேல் வளர்ந்து, தான் தின்னும் பாசியைவிட அதிகமாகக் கழிவையே சேர்க்கும்.

ஒரு காலன் நீருக்கு ஓர் அங்குல மீன் என்ற பழைய சூத்திரத்தை இன்னும் பலர் சொல்கிறார்கள். ஓர் அங்குல நியான்களுக்கு அது ஒருவாறு பொருந்தும்; பருத்த மீனுக்குப் பொருந்தவே பொருந்தாது. நீளம் பத்து மடங்கானால் உடலின் எடை பத்து மடங்கன்று, ஏறத்தாழ ஆயிரம் மடங்கு. தின்பதும் கழிப்பதும் எடையைத் தொடர்ந்தே செல்கின்றன.

இனி, சாதாரணமாக வீடுகளில் வாங்கும் தொட்டியை எடுத்துக்கொள்வோம். இரண்டடி நீளமும் ஓரடி அகலமும் ஓரடி உயரமும் உள்ள அது 56 லிட்டர் கொள்ளும். கல்லும் மேலே விடும் இடைவெளியும் போக, மெய்யான ஜலம் 45 லிட்டர்தான் தேறும். ஆழ்குழாய் நீர் உள்ள வீட்டில் முதன்முதலாக மீன் வளர்க்கிறவருக்கு ஆறு முதல் எட்டுப் பிளாட்டிகளையோ, எட்டுப் பத்துக் கப்பிகளையோதான் நான் சிபாரிசு செய்வேன். கடினநீர் அவற்றுக்கு ஒத்துக்கொள்கிறது. ஆண்களை மட்டும் கேட்டு வாங்குவது உத்தமம். பெண்களை மட்டும் வாங்கினாலும், கடைத் தொட்டியிலேயே கருவுற்று, ஆணின் விந்தைப் பல மாதங்கள் உடலில் காத்து வைத்திருந்து திரும்பத் திரும்பக் குஞ்சு ஈனும். மென்னீர் வசதியுள்ளவர் எட்டு நியான்களை நாடலாம். ஃபைட்டர் நீர்மட்டத்துக்கு வந்து காற்றை நேராகச் சுவாசிக்கும் உறுப்புடையது. அதனால் சீசாவில் பிழைத்துக் கிடக்கிறது. பிழைத்துக் கிடப்பதும் வாழ்வதும் வேறு. வீட்டில் அதற்குப் பதினைந்து இருபது லிட்டராவது தனியே வேண்டும். எல்லாரும் முதலில் கைநீட்டும் கோல்டு ஃபிஷ் இந்தத் தொட்டிக்கு உரியதே அன்று. மூன்றடி நீளமும் ஒன்றரையடி அகல உயரமும் இருந்தால் இரண்டு வைக்கலாம்.

எத்தனை மீன் என்று தீர்மானித்த பிறகும் அத்தனையையும் ஒரே நாளில் விடலாகாது. புதிய ஃபில்டரில் நுண்ணுயிர்கள் நிலைபெற நான்கிலிருந்து ஆறு வாரங்கள் செல்லும். ஆரோக்கியமான பழைய தொட்டியின் ஸ்பாஞ்சில் ஒரு துண்டு கிடைத்தால் அந்தக் காலம் குறையும். அதுவரை இரண்டு மூன்று மீன்களே போதும். குழாய் நீரானால் குளோரினை முறிக்கும் மருந்தைச் சேர்த்த பின்பே ஊற்ற வேண்டும். பிறகு வாங்கும் மீன்களை இரண்டு வாரம் தனித்தொட்டியில் வைத்துப் பார்ப்பது அவசியம். ஒரே வடிகட்டியில் இணைந்த கடைத் தொட்டிகளில் வெண்புள்ளி நோய் ஒன்றிலிருந்து எல்லாவற்றுக்கும் எளிதில் பரவும்.

நெரிசலைக் கண்டு கடைக்காரரைக் குறைகூற வேண்டியதில்லை. அவருடைய தொழிலுக்கு அது நிர்ப்பந்தம். மீன்கள் நீர்மட்டத்தில் வாய் திறந்து ஏங்குகின்றனவா, துடுப்புகளை உடலோடு ஒடுக்கிக்கொண்டிருக்கின்றனவா, தொட்டியில் செத்தது கிடக்கிறதா என்று மட்டும் பாருங்கள். இந்த மீன் எவ்வளவு வளரும், கடைக்கு எப்போது வந்தது, எந்த நீரில் இருக்கிறது என்று கேளுங்கள்; நல்ல கடைக்காரர் தயங்காமல் சொல்வார். மீறி வளர்ந்துவிட்ட மீனைத் திரும்ப வாங்கிக்கொள்வாரா என்பதையும் அப்போதே பேசி வைத்துக்கொள்ளுங்கள். ஏரியிலோ கிணற்றிலோ கொண்டுபோய் விடாதீர்கள். அப்படி விடப்பட்ட சக்கர் மீன்கள் தமிழ்நாட்டு நீர்நிலைகள் பலவற்றில் இன்று பெருகிக் கிடக்கின்றன.